அடிக்கடி மேலே வருகிறவன்

"சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடி. கை ஆடக் கூடாது, நீயும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் முத்துச்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் குழந்தையின் வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தாள். இது மூன்றாவது தடவை. முதல் தடவை எண்ண ஆரம்பித்ததுமே டெல்வின் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பிடிக்க வந்தான், சிஸ்டர் சிரித்துவிட்டாள், கணக்குப் போயிற்று. இரண்டாம் தடவை வராந்தாவில் யாரோ தூக்குவாளியைக் கீழே போட, அவன் திடுக்கிட்டு வீல் என்று அழ, மறுபடியும் போயிற்று. அழுகிற பிள்ளைக்கு எண்ணினால் சேராதாம், பால் குடிக்கிறபோது எண்ணினாலும் சேராதாம். பிள்ளை தூங்க வேண்டும், இல்லை சும்மா கிடக்க வேண்டும், அதுவும் ஒரு நிமிஷம் முழுசாக. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோலியெல்லாம் எங்கிட்ட கிடையாது என்றாள் சிஸ்டர். பத்து மாசப் பிள்ளைக்கு நிமிஷத்துக்கு மூச்சு ஐம்பதுக்குள் இருந்தால் வெறும் சளி, வீட்டுக்குப் போகலாம். ஐம்பதைத் தொட்டால் நிமோனியா. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் அதற்கும் மேலே, ஆம்புலன்ஸ், பெரியாஸ்பத்திரி. இவ்வளவுதான் விஷயம் என்று மீன் விலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டாள். ஜெசிந்தா சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அழுத களைப்பில் டெல்வின் அவள் மடியிலேயே மல்லாந்து தூங்கியிருந்தான். தொப்புளுக்கு மேலே வயிறு எழும்பியது, தணிந்தது, எழும்பியது. சிஸ்டரின் உதடு சத்தமில்லாமல் அசைய ஆரம்பித்தது.

எண்ணாதே என்று ஜெசிந்தா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், எண்ணத்தான் சிஸ்டர் இருக்கிறாளே, நான் எதற்கு, ஆனால் கண் வயிற்றை விட்டு நகர மாட்டேன் என்கிறது, நான்கு, ஐந்து, சீ, வேண்டாம். மேலே இருக்கிறவன் மூச்சை எண்ணக் கூடாது, கீழே போனவனுக்குத்தான் எண்ண வேண்டும் என்பது அவள் வீட்டுச் சட்டம். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற வீடு. அப்பா குளிக்கிறவர், கட்டிய புருஷன் ரெக்சனும் குளிக்கிறவன். தண்ணீருக்குள் போனவன் தலை தெரிகிற வரைக்கும் படகில் இருக்கிறவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பான், தலை தெரிந்ததும் எண்ணிக்கையைக் கடலில் துப்பிவிடுவான். கரையில் செவனே என்று உட்கார்ந்திருக்கிறவன் மூச்சை எண்ணினால் அவனைக் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளுகிற மாதிரி. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்து, நுரையீரலை ரோஸ் பென்சிலால் வரைந்து பாகம் குறித்து, வெரி குட் வாங்கினவளுக்கு இது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரியாதா, தெரியும், தெரிந்தும் பதினொன்று என்று வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரோஸ் என்று யார் சொன்னது? உள்ளே போய்ப் பார்த்தது யார்? இவனுக்குள்ளே இப்போது என்ன நிறமோ. சிஸ்டர் கடிகாரத்தை விட்டுக் கண் எடுக்காமல் மற்றக் கையால் ஜெசிந்தாவின் முழங்காலை அழுத்தினாள். அப்போதுதான் தெரிந்தது, தான் வாங்குகிற மூச்சில் மடி ஏறி இறங்குகிறது, மடியோடு பிள்ளையும் ஏறி இறங்குகிறான், எது அவன் மூச்சு எது தன் பயம் என்று சிஸ்டருக்குப் பிரிக்க முடியவில்லை. ஜெசிந்தா வாயை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கினாள். அப்படியே. இனி மடி அசையாது, அசைவதெல்லாம் அவன்தான்.

எழும்புகிறது, தணிகிறது. விலாவுக்குக் கீழே பள்ளம் இருக்கிறதா? இல்லாத மாதிரி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் நிழல் பள்ளம் போலத் தெரிகிறது, இல்லை, நிழல்தான், நிழலாகவே இருக்கட்டும் மாதாவே. காலையில் கிளம்பும்போது மாமி வாசலில் நின்று என்ன சொன்னாள், ரெக்சனைப் பெற்றவள், "சளி இல்லாத பிள்ள உண்டா? ஒழுகுத மூக்கோடத்தான் எம்மவன வளத்தேன், இன்னைக்கு கடலுக்கு அடியில போய்ட்டு வாரான். அப்படிப் பயமா இருந்தா பஜார் டாக்டர்ட்ட போய் ஒரு ஊசியப் போட்டுட்டு வா, சாயங்காலம் துள்ளிரும். அந்தச் சின்ன ஆஸ்பத்திரில என்ன இருக்கு, உக்காத்தி வச்சி மொறச்சிப் பாத்துட்டு அனுப்புவாளுவ." மொறச்சிப் பார்க்கத்தான் மாமி போகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படி இறங்கினாள். பஜார் டாக்டர் பிள்ளையைத் தொடமாட்டார், பேனாவைத்தான் தொடுவார். போன மழைக்கு அவர் எழுதிக் கொடுத்த ஊசிக்கு டெல்வினுக்கு வயிற்றால் போனது, அடுத்த வாரமே சளி திரும்பி வந்தது, ஆனாலும் மாமி ஊசிக்குத்தான் நன்றி சொன்னாள். வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பீர் பாத்திமா அக்காளும் ஊசிக் கட்சிதான், இடுப்பில் நான்கு வயசுப் பேத்தி, அந்தப் பிள்ளை இருமிக்கொண்டே முறுக்குத் தின்றது. "ஊசி போடாத ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி, உப்பு போடாத கருவாடு. போன தடவையும் இப்படித்தான், சிஸ்டரு என் பேத்தி நெஞ்ச வெறிச்சி வெறிச்சிப் பாத்தா, ஏட்டி பொண்ணு பாக்க வந்தியா மருந்து குடுக்க வந்தியான்னு கேட்டுட்டேன்." "அதுக்கு என்ன சொன்னாங்க?" "மாப்பிள வீட்டுக்குச் சம்மதம், மருந்து வேண்டாம், கூட்டிட்டுப் போங்கன்னுட்டா." பெஞ்சே சிரித்தது, ஜெசிந்தாவும் சிரித்தாள், சிரிக்கிறபோதே கை பிள்ளையின் முதுகில் இருந்தது, அந்த முதுகு வேகமாக வேகமாக என்று சொல்லிக்கொண்டிருந்தது. மருந்து வேண்டாம், கூட்டிட்டுப் போங்க. அந்த வார்த்தை எனக்கும் கிடைக்குமா. கிடைத்தால் மாமி சிரிப்பாள், வெறுங்கையை வீசிட்டு வந்துட்டியா என்பாள், சிரிக்கட்டும், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கட்டும். கிடைக்காவிட்டால்? கிடைக்காவிட்டால் நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டுமோ. நேற்று இப்படி இல்லையே. நேற்று மூக்கு ஒழுகினது, இருமினான், முந்தானையை இழுத்தான், அவ்வளவுதான். இல்லை, இருந்து நான்தான் பார்க்கவில்லையோ. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வலையில் கால் மாட்டின மாதிரி நிற்கிறது, உதறினால் இன்னும் சுற்றுகிறது, நேற்று இருந்ததா, இல்லையே, நேற்று இருந்ததா.

நெஞ்சு முட்ட ஆரம்பித்தது. இன்னும் பாதி நிமிஷம்கூட ஆகியிருக்காது. முட்டட்டும். இவள் யார் வீட்டுப் பெண்? பள்ளிக்கூடத்துக் கோயில் பாட்டுக் குழுவில் மற்றப் பிள்ளைகள் வரிக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கும், இவள் ஒரு மூச்சில் வரியை முடித்து அடுத்த வரியின் வாசல் வரை போய் நிற்பாள். பாட்டுச் சொல்லிக் கொடுத்த மதர் ஆன்செல்மா முதலில் நம்பவில்லை, எங்கேயோ திருட்டுத்தனமாக மூச்சு வாங்குகிறாள் என்று முன்னால் நிற்கவைத்து வாயையே பார்த்தார், பார்த்துவிட்டு, "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். சங்கு குளிக்கிறார் மதர். அதுவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழிலை ஜெசிந்தா சத்தமாகச் சொன்னதில்லை. பேங்க் வீட்டுப் பிள்ளைகள், உப்பள முதலாளி வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் நடுவில் அப்பா பிசினஸ் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்குச் சொன்னாள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், காது சுட்டது, ஆனால் தலை தானாக நிமிர்ந்தது. பிப்ரவரியில் தொண்டைக்கு ஆசீர்வாதம் கொடுக்கிற நாளன்று சாமியார் இரண்டு மெழுகுவர்த்தியைக் கத்திரிக்கோல் மாதிரி கழுத்தில் வைத்து மந்திரிப்பார், வரிசையில் நிற்கிற பிள்ளைகளெல்லாம் இருமல் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும், இவள் மட்டும் என் மூச்சைக் குறைத்துவிடாதே என்று வேண்டிக்கொள்வாள். அந்தப் பெருமைதான். அந்தப் பெருமைதானே இந்தப் பாவிப் பெருமை. இவன் பிறந்து, தடுப்பூசி போட்ட அன்று அழுது, அழுகையின் உச்சியில் மூச்சடங்கி உதடு நீலம் பாரித்தபோது மாமி என்ன செய்தாள், கை தட்டினாள், "பாத்தியா, பாத்தியா, சங்குகுளி பேரன் மூச்சடக்குதான்!" என்று தெருவையே கூப்பிட்டாள். ரெக்சன் போனில் படம் பிடித்தான். ஜெசிந்தா உள்ளுக்குள் நடுங்கினாள், நடுங்கிக்கொண்டே சிரித்தாள், ஆமாம், அவளுக்கும்தான் பெருமையாக இருந்தது, இரண்டு பக்கமும் மூச்சுக்காரர்கள், பிள்ளை வேறு எப்படி இருக்கும். மூச்சுக்காரன் வீட்டில் மூச்சுக்கு ஒரு குறை வரும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நீந்தத் தெரிந்தவன் வீட்டுப் பிள்ளையைக் கிணற்றடியில் தனியாக விட்டுவிடுகிற மாதிரி. சிஸ்டரின் உதட்டில் இப்போது என்ன எண் ஓடுகிறது? இருபதுகளா, முப்பதுகளா? உதடு ரொம்ப வேகமாக அசைகிற மாதிரி இல்லையா? உதட்டைப் பார்க்காதே. வயிற்றைப் பார். வயிற்றையும் பார்க்காதே.

சுவரைப் பார். சுவரில் பச்சை பெயின்ட், ஈரம் ஏறிப் பொருக்கு விட்டு, கடல் பாசி மாதிரி. அந்தப் பச்சையில் ஒரு படகு. பொம்பளைப் பிள்ளையைத் தொழில் படகில் ஏற்ற மாட்டார்கள், தம்பி பிறக்கிற அன்று அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஆறு வயசு ஜெசிந்தாவை அப்பா தூக்கிப் படகில் போட்டுக்கொண்டார். அப்பா இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை சூசை மாமா கையில், அம்மாவின் தம்பி. குளிக்கிறவனின் கயிறு பெண்டாட்டி கூடப் பிறந்தவன் கையில்தான் இருக்க வேண்டும், சொந்தத் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள், அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, மச்சான் கண் அசர மாட்டான். மாமா தண்ணீரைப் பார்க்கவே இல்லை, கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போவதும் வருவதும், போவதும் வருவதும், ஜெசிந்தாவுக்கு வேடிக்கையாக இருந்தது. திடீரென்று மாமா கயிற்றைச் சுருட்டி அப்பாவை இழுத்து மேலே போட்டுவிட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "ஏம்ல இழுத்த? இன்னும் நாலு சங்கு கண்ணு முன்னால கெடக்கு!" "நீரு அடிக்கடி மேல வாரீரு அத்தான்." "வந்தா என்னல, காத்து இனாமாத்தான கெடக்கு, வாங்கிட்டுப் போறேன், உனக்கென்ன?" "எனக்கு ஒண்ணுமில்ல. எங்க அக்காவுக்கு வெள்ளச் சேல நல்லா இருக்காது." படகில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா கரை வரைக்கும் மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வந்தார், அன்றைக்கு ராத்திரியே நெருப்பாகக் காய்ச்சல் அடித்து நெஞ்சுச் சளியில் ஒரு வாரம் பாயோடு கிடந்தார். இது அவள் இத்தனை வருஷம் நினைத்துப் பார்க்காத விஷயம். இன்று விடிகாலையில், டெல்வின் பால் குடிக்கிறபோது, எங்கிருந்தோ மாமாவின் குரல் வந்தது. அவன் குடிப்பது எப்படி என்று அவளுக்குத்தானே தெரியும். வாய் வைத்தால் கண் சொருகி, உறிஞ்சி உறிஞ்சி, ஒரு நீளத்துக்குப் போவான், பிறகு விட்டு ஒரு மூச்சு, மறுபடியும் நீளமாகப் போவான். இன்று இரண்டு உறிஞ்சல், விட்டான். இரண்டு உறிஞ்சல், விட்டான். மூக்கு அடைத்திருக்கும் என்று நினைத்து உப்புத் தண்ணீர் சொட்டு விட்டுத் துடைத்துப் பார்த்தாள், மூக்கு திறந்துதான் இருந்தது. பசி இருந்தது, பால் இருந்தது, வாய் வந்து வந்து பற்றியது, ஆனால் இரண்டு உறிஞ்சல், விட்டான். அடிக்கடி மேல வாரான். மாமியை எழுப்பிச் சொன்னபோது, "பல்லு மொளைக்கும், ஈறு ஊறும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரெக்சன் படகுக்குப் போய்விட்டிருந்தான். யாரிடம் சொல்ல, என்னவென்று சொல்ல, குடிக்கிறான், ஆனால் சரியாகக் குடிக்கவில்லை, காய்ச்சல் பெரிதாக இல்லை, சிரிக்கக்கூடச் சிரிக்கிறான், ஆனால், இந்த ஆனாலைத் தூக்கிக்கொண்டுதான் அவள் ஆட்டோ பிடித்தாள்.

இப்போது ஜெசிந்தாவின் காதுக்குள் ரத்தம் மத்தளம் கொட்டியது, கண்ணோரம் பூச்சி பறந்தது. விடக் கூடாது. அவனுக்கு ஒரு நிமிஷம் முழுசாக வேண்டும், அவனுடைய மூச்சு மட்டும் தனியாக, யாருடைய நடுக்கமும் கலக்காமல் வேண்டும், அதைத் தர இந்த ஊரில் என்னை விட்டால் யாரால் முடியும். தலைக்குள் வெளிச்சம் சுருங்கிக்கொண்டு வந்தது, பச்சைச் சுவர் தூரப் போனது, அப்போது சிஸ்டர் "ம்" என்றாள். ஜெசிந்தாவின் வாயிலிருந்து மூச்சு ஒரு விம்மலாக வெடித்து வந்தது, டெல்வின் கண் விழித்து அவளை விநோதமாகப் பார்த்தான். சிஸ்டரும் பார்த்தாள். "ஏம்மா, ஒன்ன பேசாதன்னுதான சொன்னேன், மூச்சு விடாதன்னா சொன்னேன்? நீ மயங்கி விழுந்தா நான் யாருக்கு எண்ண?" சொல்லிக்கொண்டே பிள்ளையின் கால் கட்டைவிரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள், விரல் சிவப்பாக ஒளிர்ந்தது, சின்னத் திரையில் எண்கள் அலைந்து நின்றன. நெஞ்சில் காதுக்குழலை வைத்து முன்னும் பின்னும் கேட்டாள். எதிர் மேஜையிலிருந்த டாக்டரம்மாவிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள், டாக்டரம்மா எழுந்து வந்து தானும் வைத்துக் கேட்டு, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, டெல்வின் அவருடைய குழலைப் பிடித்து இழுத்ததும் "நல்லா இழுக்கிறானே" என்றார். பிறகு, எழப் போன ஜெசிந்தாவை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். "ஐம்பதைத் தாண்டிடுச்சு. நிமோனியா ஆரம்பிச்சிருக்கு. பயப்படாதே, கேளு, பள்ளம் விழல, ஆக்சிஜன் நல்லா இருக்கு, பால் இறங்குது. ஊசி வேண்டாம், அட்மிஷன் வேண்டாம். மாத்திரை தரேன், தண்ணியில கரையும், வீட்டிலயே கொடு. முதல் வேளை இங்க, என் முன்னாடி." நிமோனியா. ஊசி வேண்டாம், அட்மிஷன் வேண்டாம். சிஸ்டர் ஸ்பூனில் மாத்திரையைக் கரைத்து நீட்டினாள், ஜெசிந்தா பிள்ளையின் கன்னத்தோரமாகச் சாய்த்து ஊற்றினாள், முகத்தைச் சுளித்து, நாக்கைச் சுழற்றி, துப்புவதா வேண்டாமா என்று யோசித்து, விழுங்கினான். "நாளன்னைக்குக் கொண்டு வா, திரும்ப எண்ணணும்" என்றாள் சிஸ்டர். "அதுக்கு முன்னாடி பால் குடிக்காம போனா, எல்லாத்தையும் கக்குனா, எழுப்பினா எழும்பாம கெடந்தா, விலா உள்ள போனா, எந்நேரமானாலும் பெரியாஸ்பத்திரி, மாமியாரக் கேட்டுட்டு வாரேன் மாமனாரக் கேட்டுட்டு வாரேன்னு நிக்கக் கூடாது. பாதியில நல்லா ஆயிட்டான்னு மருந்த நிப்பாட்டவும் கூடாது." ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், பள்ளிக்கூடத்தில் மாதிரித் திருப்பிச் சொல்லியும் காட்டினாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "காய்ச்சல் ஜாஸ்தி இல்ல, பிள்ளை விளையாடுறான். நேத்து வந்திருந்தா சளின்னு நானே திருப்பி அனுப்பியிருப்பேன். இன்னும் ரெண்டு நாள் விட்டு இப்படி வர்ற பிள்ளைங்களத்தான் நான் ஆம்புலன்ஸ்ல ஏத்தறேன். எத வச்சிக் கொண்டு வந்த?" என்ன சொல்ல. கயிறு, படகு, சூசை மாமா, வெள்ளைச் சேலை, எதை எடுத்து இந்த மேஜை மேல் வைக்க. "பால் குடிக்கிற விதம் மாறிடுச்சி டாக்டர்" என்றாள். "யார் பாத்தா?" "நாந்தான்." டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் புருவத்தை உயர்த்தினாள், அவ்வளவுதான், அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள், பீர் பாத்திமா அக்காள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு, "வந்துட்டோம், பொண்ணு பாத்துக்கோங்க" என்று உள்ளே நுழைந்தாள்.

வாசலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வேப்ப மரத்தடியில் ஆட்டோ ஒன்றும் இல்லை. டெல்வினைத் தோளில் போட்டு, முந்தானையால் தலையை மூடி, மாத்திரைக் கவரை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நின்றாள். நாளன்னைக்கு வரை எத்தனை தடவை இவன் விலாவைப் பார்ப்பேனோ, எத்தனை தடவை எழுப்பிப் பார்ப்பேனோ, தூங்கினால் பயம், தூங்காவிட்டால் பயம், மருந்தைக் கக்கிவிட்டால், ராத்திரி ஆட்டோ கிடைக்காவிட்டால், பயத்துக்கு வால் எங்கே இருக்கிறது. ஆனால் இனிமேல் எண்ணுவேன். யார் என்ன சொன்னாலும், சாமி குற்றம் வந்தாலும், தெரு கூடி நின்று திட்டினாலும், இவன் சட்டையைத் தூக்கி உட்கார்ந்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுவேன். போன் அடித்தது. மாமி. "என்னட்டி, இன்னுமா ஆஸ்பத்திரில கெடக்க? ஒண்ணுமில்லன்னுதான சொன்னாளுவ?" "இருக்கு மாமி." "என்னது இருக்கு?" "நிமோனியா." அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் குடத்துக்குள் விழுகிற சத்தம் கேட்டது. "அம்மா மாதாவே" என்று மாமியின் குரல் உடைந்தது, "ஏட்டி, நெசமாவா? பிள்ள எப்படி இருக்கான்? யாரு கண்டுபிடிச்சா?" ஜெசிந்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், தன் குரல் எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது, பிள்ளைக்கு நோய் என்று சொல்கிற தாயின் குரலாக அது இல்லை, முகூர்த்த நாள் சொல்கிறவளின் குரல் மாதிரி கணீரென்று இருந்தது, ஆட்டோவுக்குக் காத்து நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவள் குரலைத் தணிக்கவில்லை.

"நாந்தான் மாமி."